அமினோ டின்னும் சோற்றுப் பீங்கானும்



நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள். வாசித்து முடிக்காமல் பின்னூட்டத்தில் சண்டைக்கு வர வேண்டாம்.

எமது ஊரில் இப்போது எந்த ஜிம்முக்குப் போனாலும் வாசலில் ஒரு கண்ணாடி அலுமாரி. உள்ளே கறுப்பும் சிவப்புமாக டின்கள். அமினோ, பீசீஏஏ, ஈஏஏ, குளுட்டமின் என்று பெயர்கள். தம்பிமாருக்குச் சொல்லப்படுவது: "பயிற்சிக்குப் பிறகு இதைக் குடித்தால் உடம்பு நோகாது, தசை சீக்கிரம் ஆறும்." அதே சாமான் வேறு பெயரில், வேறு பக்கெட்டில், உம்மாமாரின் வட்ஸ்அப் குழுமங்களிலும் வருகிறது. அங்கே சொல்லப்படுவது: "இது அமினோ அமிலம் ராத்தா, சமிபாட்டுக்கு நல்லம், கேஸ்ட்ரிக் போகும், உடம்பு அசதி போகும்." ஆணுக்கு ஒரு கதை, பெண்ணுக்கு ஒரு கதை, காசு போவது ஒரே பக்கம்.

நாம் சொல்வது இதுதான். நோய் இல்லாத உடம்போடு, மூன்று நேரம் ஒழுங்காகச் சாப்பிடும் ஒருவருக்கு இந்தத் தூள் சமிபாட்டுக்கு உதவாது. பயிற்சிக் களைப்புக்கு உதவுவதாகச் சொல்வதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. அந்தத் துளியை விடப் பெரிய உதவி வீட்டுச் சட்டிக்குள் கிடக்கிறது. ஒழுங்காகச் சாப்பிட வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கோ இது அநியாயம். அவனுடைய முட்டைக் காசை எடுத்துத் தூள் விற்பதற்கு வேறு பெயர் எமக்குத் தெரியவில்லை.

முதலில் சமிபாட்டுக் கதையைப் பார்ப்போம். சாதாரண தர விஞ்ஞானம் படித்த எவருக்கும் இது விளங்கும். படிப்பித்த எமக்கு விளங்காமல் போனால் வெட்கம்.

மீன் துண்டொன்றைச் சாப்பிடுகிறோம். அதில் உள்ள புரதத்தை ஒரு தஸ்பீஹ் கோர்வை என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிகள்தான் அமினோ அமிலங்கள். இரைப்பையில் ஐதரோகுளோரிக்கமிலமும் பெப்சினும் சேர்ந்து கோர்வையைப் பெரிய துண்டுகளாக வெட்டுகின்றன. பிறகு சதையியில் இருந்து வரும் திரிப்சின் போன்ற நொதியங்கள் இன்னும் சின்னத் துண்டாக்குகின்றன. கடைசியில் சிறுகுடற் சுவரில் வைத்து மணிகள் தனித்தனியாகவும், இரண்டு மூன்றாகச் சேர்ந்தும் உறிஞ்சப்படுகின்றன. இதுதான் புரதச் சமிபாடு.

டின்னில் இருப்பது ஏற்கெனவே நூலை அறுத்துக் கழற்றிய மணிகள். அதற்குச் சமிபாடு தேவையில்லை, நேராக உறிஞ்சப்படும். அதுவரைக்கும் உண்மை. விற்பனைக்காரர் செய்யும் கண்கட்டு வித்தை இதற்கு அடுத்த வரியில் நடக்கிறது. "சமிபாடு தேவையில்லை" என்ற வசனம் மெல்ல மெல்ல "சமிபாட்டுக்கு உதவும்" என்று மாறிவிடுகிறது. உரித்த வாழைப்பழம் ஒன்றை மேசையில் வைத்தால் பக்கத்தில் இருக்கும் பலாப்பழம் தானாக உரிந்துவிடுமா? நீங்கள் பகலில் சாப்பிட்ட மாட்டிறைச்சிக் கறியை அந்தத் தூள் தொட்டும் பார்க்காது. அதைச் சமிக்கச் செய்ய வேண்டியது உங்கள் இரைப்பையும் சதையியும்தான்.

இதற்கும் ஒரு மறுமொழி வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் படித்த விற்பனையாளர் என்றால், "நொதியமும் புரதம்தானே சேர், அமினோ அமிலம் கூடினால் நொதியம் கூடும்தானே" என்பார். நல்ல கேள்வி. ஆனால் முற்றத்தில் இன்னும் இரண்டு லொறி கல் பறித்துவிட்டால் மேசன்பாஸ் இரட்டை வேகத்தில் சுவர் கட்டுவாரா? சாப்பாடு கிடைக்கும் உடம்பில் நொதியம் செய்யக் கல் தட்டுப்பாடு இல்லை. எவ்வளவு நொதியம் எப்போது சுரக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது உணவு உள்ளே வருவதும், அதற்கு நரம்பும் ஓமோனும் கொடுக்கும் கட்டளையும். சதையி உண்மையிலேயே பழுதாகிப் புரதமும் கொழுப்பும் சமிக்காத நோயாளிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வைத்தியர் எழுதிக் கொடுப்பது நொதியக் குளிசை. அமினோ தூள் இல்லை.

குளுட்டமினைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சமிபாட்டுக் கதை பேசுகிறவர்கள் கடைசியில் ஒளிந்துகொள்வது அதற்குப் பின்னால்தான். குடற் சுவரில் உள்ள கலங்கள் குளுட்டமினை எரிபொருளாகப் பாவிப்பது உண்மை. அதே குளுட்டமினை எமது உடம்பே செய்துகொள்கிறது என்பதும் உண்மை. இரண்டாவது உண்மை டின்னில் எழுதப்படுவதில்லை. வயிற்றோட்டத்தோடு வந்த குடற் தொற்றுக்குப் பிறகு குடல் எரிச்சல் நோயால் நீண்டகாலம் அவதிப்பட்ட நூற்றுச் சொச்சம் பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில் குளுட்டமின் நல்ல பலன் காட்டியது. மறைக்கவில்லை, சொல்லிவிட்டோம். ஆனால் அது குறிப்பிட்ட ஒரு நோய், வைத்தியர்களால் தெரிவு செய்யப்பட்ட நோயாளிகள், ஒரு நாளைக்கு 15 கிராம், எட்டு வாரம். அதைக் காட்டி, நோன்பு திறந்து பத்து நிமிடத்தில் நாலு ரோல்ஸும் இரண்டு சமூசாவும் இறக்கிவிட்டு வயிறு ஊதுகிறது என்பவருக்கு டின் விற்பது எந்த ஊர் விஞ்ஞானம்?

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை என்று ஒன்று இருக்கிறது. கம்பனிகள் டின்னில் எழுத ஆசைப்படும் வாசகங்களுக்கு ஆதாரம் உண்டா என்று பார்ப்பதும் அதன் வேலைகளில் ஒன்று. குளுட்டமின் குடலுக்கு நல்லது, தசையை வளர்க்கும் என்ற வாசகங்களை 2011இல் எடுத்துப் பார்த்து, காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று திருப்பி அனுப்பியது. அதற்கு முந்திய வருடம், 2010இல், பீசீஏஏ "பயிற்சிக்குப் பிந்திய தசைக் களைப்பில் இருந்து விரைவாக மீள உதவும்" என்ற வாசகத்துக்கும் அதே தீர்ப்பு. அங்கே சோதனையில் தோற்ற வாசகத்தைத்தான் இங்கே எமது பிள்ளைகளுக்குத் தமிழில் வாசித்துக் காட்டுகிறார்கள்.

"இயற்கையான சாமான், கூடினாலும் கெடுதி இல்லை" என்று ஒரு பேச்சும் உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவில் பல உறுப்புகள் செயலிழந்து சுவாச இயந்திரத்தில் கிடந்த 1,223 நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2013இல் வெளிவந்தது. குளுட்டமின் கூடிய அளவில் கொடுத்தால் உயிர் தப்புவார்கள் என்று எதிர்பார்த்துத்தான் கொடுத்தார்கள். ஆறு மாதக் கணக்கில், குளுட்டமின் கிடைத்தவர்களில் இறந்தவர்கள் கூட. ஜிம்முக்குப் போகும் சுகதேகிக்கு இது நடக்கும் என்று நாம் சொல்லவில்லை. எதிர்பார்ப்பு வேறு, சோதித்துப் பார்ப்பது வேறு என்பதற்காகச் சொல்கிறோம்.

வயிற்றைப் பற்றி இன்னொன்று. எமது ஊரில் கேஸ்ட்ரிக் என்று சொல்லப்படுவதில் எத்தனையோ வகை இருக்கிறது. இரைப்பைப் புண்களுக்கு முக்கிய காரணம் ஹெலிக்கோபக்டர் பைலோரி என்ற பற்றீரியா. அதைக் கண்டுபிடித்த இரண்டு அவுஸ்திரேலிய வைத்தியர்களுக்கு 2005இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். மூட்டு நோவுக்குப் பார்மசியில் கேட்டு வாங்கிப் போடும் வலிக் குளிசைகளும் புண்ணை உண்டாக்கும். இவை இரண்டுக்கும் வைத்தியம் இருக்கிறது. அரசாங்க வைத்தியசாலையில் காசில்லாமல் கிடைக்கிறது. மலம் கறுப்பாகப் போகிறது, காரணமில்லாமல் மெலிகிறது, விழுங்கக் கஷ்டமாக இருக்கிறது, வாந்தியில் இரத்தம் வருகிறது என்றால் அடுத்த நாளைக்குக்கூடப் பார்த்திருக்கக் கூடாது. "மூன்று மாதம் இந்தப் பக்கெட்டைக் குடித்துப் பாருங்க மாமி" என்று சொல்கிறவர் அந்த மாமியின் மூன்று மாதத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறார். எமக்கு எல்லாவற்றையும் விடக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

இனி ஜிம் கதை.

புரதம் 20 வகை அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றில் 9ஐ உடம்பால் செய்ய முடியாது, உணவில் இருந்தே வர வேண்டும். இதைக் கண்டறிய இலினோய் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரோஸ் என்ற விஞ்ஞானி தன்னுடைய மாணவர்களுக்கே மாப்பொருள், சீனி, பட்டர்க் கொழுப்பு, சுத்தப்படுத்திய அமினோ அமிலங்கள் என்று சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். அந்த ஒன்பதில் ஹிஸ்டிடின் தவிர்ந்த எட்டில் ஒன்றை மட்டும் நிறுத்தினாலும் போதும், உடம்பு தன் புரதத்தை இழக்கத் தொடங்கியது. பசி போனது, களைப்பும் எரிச்சலும் வந்தன. ஒன்று குறைந்தாலே இந்தக் கதை. பீசீஏஏ டின்னில் இருப்பவை மூன்றே மூன்று: லியூசின், ஐசோலியூசின், வாலின். மீதி ஆறும் இல்லை.

அ, க, ம என்று மூன்று எழுத்துகளை மட்டும் கொடுத்துவிட்டு வகுப்பு இடாப்பை எழுதச் சொன்னால் எத்தனை பிள்ளைகளின் பெயரை எழுதலாம்? தசையும் அப்படித்தான். லியூசின் தசை கட்டும் வேலையைத் தொடங்கச் சொல்லி ஒரு சமிக்ஞை கொடுக்கும், அது உண்மை. ஆனால் மணி அடித்ததும் பாடம் நடந்துவிடாதே, ஆசிரியர் வகுப்புக்கு வர வேண்டும். மற்ற ஆறு அமினோ அமிலங்களும் வெளியில் இருந்து வராவிட்டால், உடம்பு தன்னிடம் இருக்கும் புரதத்தை உடைத்துத்தான் அவற்றை எடுக்கும். இந்தத் துறையில் பல தசாப்தமாக வேலை செய்த ரொபர்ட் வுல்ஃப் 2017இல் இருந்த ஆய்வுகளை எல்லாம் அலசி எழுதினார்: பீசீஏஏ தனியாகத் தசையைக் கட்டும் என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை.

உடனே ஒரு தம்பி கேட்பார்: "சேர், அதே 2017இல் இங்கிலாந்தில் ஆய்வு செய்து 22 வீதம் கூடியது என்று போட்டிருக்கிறார்களே?" ஓம் தம்பி, போட்டிருக்கிறார்கள். பத்துப் பேரிடம் செய்த ஆய்வு. பயிற்சிக்குப் பிறகு 5.6 கிராம் பீசீஏஏ குடித்தவர்களின் தசைப் புரத ஆக்கம், ஒன்றும் இல்லாத பானம் குடித்ததை விட 22 வீதம் கூட. அதே ஆய்வாளர்களே அடுத்த வரியில் சொல்கிறார்கள்: ஏறத்தாழ அதே அளவு பீசீஏஏ அடங்கிய பாற்புரதம் கொடுத்தபோது கிடைத்ததில் இது பாதியளவுதான் என்று. விற்பவர்கள் முதல் வரியைப் படம் பிடித்துப் போடுகிறார்கள்.

தசை நோவு குறைகிறது என்று சில ஆய்வுகளில் வந்திருப்பதையும் ஒப்புக்கொள்வோம். ஆனால் ஒப்பீட்டுக்கு எதைக் கொடுத்தார்கள் என்று பாருங்கள். அனேகமாக மாப்பொருளோ இனிப்புத் தண்ணீரோதான். இரண்டு முட்டை கொடுத்து ஒப்பிட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதே எமது வீட்டுக் கேள்வி.

"எனக்கு வேலை செய்ததே" என்கிறவர்களுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறோம். புதிதாகப் பாரம் தூக்கினால் நோவு அடுத்த நாள் தொடங்கி இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும், பிறகு தானாகவே இறங்கும். இரண்டாவது வாரம் அதே பயிற்சியைச் செய்தால் நோவு முதல் வாரத்தை விடக் குறைவு. தூள் குடித்தவனுக்கும் அப்படித்தான், பிளேன்டீ குடித்தவனுக்கும் அப்படித்தான், தசை பழகிக்கொள்கிறது. ஜிம்மில் சேர்ந்து முதல் வாரம் நோவெடுத்து, இரண்டாம் வாரம் டின் வாங்கி, "நோவு போய்விட்டது" என்று சொல்கிற தம்பி பொய் சொல்லவில்லை. ஆனால் அவன் கட்டுப்பாட்டுப் பரிசோதனை வைக்கவில்லை. அவரைக் கொட்டையை வெளிச்சத்தில் ஒன்று, இருட்டில் ஒன்று வைத்து முளைக்கவிடச் சொல்லிச் சின்ன வகுப்பிலேயே படிப்பிக்கிறோமே, எதற்காக?

இப்போது காசுக் கணக்கு. 30 ஸ்கூப் உள்ள டின், ஸ்கூப்புக்கு 5 கிராம் பீசீஏஏ என்றால் மொத்தம் 150 கிராம். விலை 15,000 ரூபா என்று எடுப்போம். முட்டை ஒன்று 50 ரூபா என்று கூடவே வைத்துக்கொண்டாலும் அந்தக் காசுக்கு 300 முட்டை. முட்டை ஒன்றில் ஏறத்தாழ 6 கிராம் புரதம், ஆகவே 1,800 கிராம், ஒன்பது அத்தியாவசிய அமினோ அமிலங்களும் சேர்த்து. அதற்குள் இருக்கும் பீசீஏஏயை மட்டும் பிரித்துப் பார்த்தாலும் 350 கிராமுக்குக் குறையாது. டின்னில் இருப்பதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். விலை மாறலாம், உங்கள் கடை விலையைப் போட்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

பாரம் தூக்கும் ஒருவருக்கு எவ்வளவு புரதம் வேண்டும்? 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2018ஆம் ஆண்டு அலசல் ஒன்றின்படி, உடல் நிறையின் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராமுக்கு மேல் போனால் தசை வளர்ச்சியில் பெரிதாக எதுவும் கூடுவதில்லை. 60 கிலோ தம்பிக்கு 96 கிராம். ஜிம்முக்குப் போகாதவருக்கு இதில் பாதி போதும். சரி, எமது கடற்கரை ஊரில் ஒரு நாளை எண்ணுவோம். காலையில் இரண்டு முட்டையும் ரொட்டியும்: 17 கிராம் வரும். பகல் சோறு, ஒரு நல்ல சூரைத் துண்டு, பருப்புக் கறி: 50ஐத் தொடும். அஸருக்குப் பிறகு ஒரு கோப்பை அவித்த கடலையோ கௌப்பியோ: 10, 12. இரவைக்கு ஒரு கோழித் துண்டு அல்லது சோயாமீற், ஒரு கோப்பை தயிர்: இன்னொரு 25. 100 தாண்டிவிட்டது. இதில் எந்தச் சாமானுக்கு ஷேக்கர் வேண்டும்?

மீனும் கோழியும் வாங்க முடியாத வீடுகள் உண்டு, 2022க்குப் பிறகு கூடிவிட்டன என்பது எமக்குத் தெரியும். வகுப்பில் பதினொரு மணிக்குத் தலை சாய்க்கும் பிள்ளைகளைப் பார்க்கிறவர்கள் நாம். அந்த வீடுகளுக்கும் வழி சட்டிக்குள்தான். அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் கூட. பருப்பில் மெதியோனின் குறைவு, அரிசியில் அது இருக்கிறது. சோற்றையும் பருப்பையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றது தீர்க்கிறது. இதை உம்மும்மாமார் பெயர் தெரியாமலே செய்துவந்தார்கள். நெத்தலி, கௌப்பி, சோயா, கிளினிக்கில் கர்ப்பிணித் தாய்மாருக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் இலவசமாகக் கொடுக்கும் திரிபோஷ, இவைதான் ஏழை வீட்டுச் சத்துத் தூள். திரிபோஷவைக் கோழிக்குப் போட்டுவிட்டுப் பக்கெட்டுக்குச் சீட்டுக் காசு கட்டுகிறவர்களும் எமக்குள் இருக்கிறார்கள். சிரிப்பதா அழுவதா?

எல்லாத் தூளையும் ஒரே கூடையில் போடவில்லை. கிரியேட்டினுக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. பாற்புரதத் தூள் ஏமாற்று அல்ல, விலை கூடிய சாப்பாடு, அவ்வளவுதான். ஈரல் சுருங்கி மூளை மயங்கும் நோயாளிகளுக்கு வைத்தியர்கள் பீசீஏஏ கொடுப்பதுண்டு, அதற்கு ஆதாரமும் உண்டு. மறுபக்கம், சிறுநீரகம் பலவீனமானவர்கள் புரதத்தையும் அமினோ அமிலத்தையும் தன்னிச்சையாகக் கூட்டக் கூடாது. எமது ஊரில் சீனி வருத்தம் இல்லாத வீடு எத்தனை? அந்தச் சீனி பல பேரின் கிட்னியை ஏற்கெனவே அரித்துக்கொண்டிருக்கிறது, அனேகர் சோதித்தும் பார்த்ததில்லை. பக்கெட் விற்கும் ராத்தா உங்களிடம் கிரியேற்றினின் ரிப்போட்டைக் கேட்டாரா? (இது இரத்தப் பரிசோதனை, மேலே சொன்ன கிரியேட்டின் தூள் வேறு, குழம்ப வேண்டாம்.)

விளையாட்டுப் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியாக ஒரு சொல். 2000, 2001ஆம் ஆண்டுகளில் 13 நாடுகளில் வாங்கிய 634 சத்துத் தூள், குளிசைகளை ஜேர்மனியின் கொலோன் ஆய்வுகூடத்தில் பரிசோதித்தார்கள். 94இல், அதாவது நூற்றுக்குப் பதினைந்தளவில், லேபலில் எழுதாத ஸ்டீரொயிட் சார்ந்த பொருட்கள் இருந்தன. இலங்கையில் 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஊக்கமருந்து தடுப்பு முகவர் நிலையம் இயங்குகிறது. மாகாண மட்டம் தாண்டி ஓடும் பிள்ளையின் சிறுநீரில் எதுவும் வந்துவிட்டால், "எனக்குத் தெரியாது, ஜிம் காக்கா தந்தார்" என்பது அங்கே எடுபடாது. உடம்பில் இருந்தால் பொறுப்பு விளையாட்டு வீரனுடையது. நாலு வருடம் வெறுங்காலோடு ஓடிப் பழகிய பிள்ளையின் பெயர் ஒரு ஸ்கூப்பில் போய்விடும்.

லேபலில் உள்ள புரத அளவைக்கூட அப்படியே நம்ப முடியாது. புரதத்தை அளக்கும் பழைய முறை நைதரசனை அளந்து 6.25ஆல் பெருக்குவது. நைதரசன் உள்ள மலிவான ஏதாவதைக் கலந்தால் அளவு கூடத் தெரியும். 2008இல் சீனாவில் பாலில் மெலமைன் கலந்தது இந்த வித்தைக்காகத்தான். ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் நோயுற்றார்கள். புரத டின்களில் மலிவான கிளைசின் கலப்பதும் அதே குடும்பத்து வித்தை, விஷம் இல்லை என்பது மட்டும் வித்தியாசம்.

எமது சமூகத்திடம் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. எந்த டின்னைக் கண்டாலும் திருப்பி ஹலால் முத்திரையைத் தேடுவோம். ஜெலட்டின் குளிசையா, எந்த மிருகத்தின் ஜெலட்டின் என்று கேட்போம். கேட்க வேண்டியதுதான். ஆனால் முத்திரையைக் கண்டதும் கேள்வி நின்றுவிடுகிறதே, அதுதான் எமது சண்டை. உள்ளே இருப்பது ஆகுமானதா என்பது ஒரு கேள்வி. வெளியே எழுதியிருப்பது உண்மையா என்பது இன்னொன்று. சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, மேலே காய்ந்தும் அடியில் ஈரமாயும் இருந்ததைக் கண்டுபிடித்து வியாபாரியைக் கண்டித்த நபி (ஸல்) அவர்களின் சம்பவத்தை ஜும்ஆவில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்? அந்தத் தானியமும் ஹலாலான தானியம்தான்.

கடைசியாக எமது சொந்தத் தொழிலுக்குள் வருகிறோம். இதைச் சொன்னால் சில பேர் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள், பரவாயில்லை. இந்தப் பக்கெட்டுகளை ஆள் சேர்த்து விற்கிறவர்களில் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். சம்பளம் போதவில்லை என்பது எமக்கும் தெரியும். மாதம் இருபதாம் திகதிக்குப் பிறகு எமது பொக்கெட்டும் அதே பொக்கெட்தான். ஆனால் பெற்றோர் கூட்டம் முடிந்து, "கொஞ்சம் நில்லுங்க உம்மா" என்று ஒரு தாயை நிறுத்திப் பக்கெட்டைக் காட்டினால், அந்தத் தாய் எப்படி மறுப்பாள்? பிள்ளை அந்த வகுப்பில் இருக்கிறது. அவள் வாங்குவது அமினோ அமிலத்தை அல்ல, பிள்ளைக்கு ஆசிரியரின் முகமலர்ச்சியை. கத்தாரில் வெயிலில் நிற்கும் கணவன் அனுப்பிய காசு அது. காலையில் சமிபாட்டுப் பாடம் நடத்திவிட்டுப் பின்னேரம் அதே சமிபாட்டைத் தலைகீழாக்கி விற்பது எப்படி முடிகிறது என்று உண்மையாகவே எமக்கு விளங்கவில்லை.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடம் நாம் கேட்பது: பாடசாலை வளவுக்குள், பெற்றோர் கூட்டத்தில், வகுப்பு வட்ஸ்அப் குழுமத்தில் எந்தச் சத்துத் தூளும் விற்கப்படக் கூடாது என்று அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள். பள்ளிவாசல் நிர்வாகத்திடம் கேட்பது: சீனியும் பிரஷரும் பார்க்கும் இலவச முகாமை அடுத்த முறை வைக்கும்போது கிட்னிப் பரிசோதனையையும் சேருங்கள், பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். ஜிம் நடத்தும் தம்பிமாரிடம் கேட்பது: அலுமாரியில் ஒரு தட்டைக் காலியாக்கி அவித்த முட்டையும் கடலையும் வையுங்கள். இலாபம் குறையும், வாடிக்கை குறையாது. தூக்கத்தைப் பற்றியும் அவர்களுக்குச் சொல்லுங்கள். இரவு இரண்டு மணிவரை போனைத் தட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு எந்த டின்னும் களைப்பை ஆற்றாது.

விற்கிறவர்களுக்கும் இந்தப் பின்னூட்டம் திறந்தே இருக்கிறது. "என் மாமிக்குச் சுகமானது" என்று எழுத வேண்டாம். எத்தனை பேரிடம், எதோடு ஒப்பிட்டு, எத்தனை நாள் என்று எழுதுங்கள். வாசித்துப் பதில் தருவோம். வீட்டில் டின்னோ பக்கெட்டோ வைத்திருக்கிறவர்கள் பின்பக்கத்தைத் தெளிவாகப் படம் எடுத்து உள்பெட்டிக்கு அனுப்புங்கள். பெயர் வெளியே வராது. வெள்ளிக்கிழமை பின்னேரம் நாம் இரண்டு மூன்று விஞ்ஞான ஆசிரியர்கள் ஒன்றாக இருந்து ஒவ்வொன்றாக வாசித்து, உள்ளே என்ன, எத்தனை கிராம், அதே அளவு எத்தனை முட்டையில் இருக்கிறது என்று எழுதிப் போடுகிறோம்.